முள் நிற்க வேண்டிய இடம்

தூத்துக்குடியில் வானொலியைப் பற்றிப் பேசுகிறவர் கடலை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. இந்த ஊரில் 1053 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசைக்கென 200 கிலோவாட் மத்திய அலை ஒலிபரப்பியை அகில இந்திய வானொலி நிறுவியபோது, மன்னார் வளைகுடாவின் அக்கரையில் இருக்கும் இலங்கைத் தமிழ் நேயர்களையும் மனத்தில் வைத்துத்தான் நிறுவியது. மத்திய அலை நிலத்தின்மீது பரவும்போது வறண்ட மண் அதன் ஆற்றலைத் தின்றுகொண்டே இருக்கும். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஆகவே கடல்மீது அதே அலை குறைந்த இழப்போடு வெகுதூரம் போகும். வேம்பார், தருவைகுளம், தெரேஸ்புரம், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு, பெரியதாழை என்று நீளும் கரையிலிருந்து கிளம்பும் வள்ளங்களும் விசைப்படகுகளும் இந்த அலையின் பாதைக்குள்ளேயே தொழில் செய்கின்றன. 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை என்றாலும் சங்கு குளிப்பவர்கள் இன்றும் இதே கடலில் இறங்குகிறார்கள். இவர்களிடம் ஒரு குரல் போய்ச் சேருமா என்பதை எது முடிவு செய்கிறது? கோபுரத்தின் உயரமும் ஒலிபரப்பியின் கிலோவாட்டும் என்றுதான் பொதுவாகப் பதில் வரும். அது பாதிப் பதில். மீதிப் பாதி ஒலிப்பதிவு அறையில், கன்சோலில் பதித்திருக்கும் சிறிய மீட்டரின் முள் எங்கே நிற்கிறது என்பதில் இருக்கிறது. கலையகத்தில் வேலை செய்கிறவர்கள் இதை ‘லெவல்’ என்பார்கள். லெவலைச் சரியாக வைப்பது நேயருக்கு நிலையம் செய்ய வேண்டிய முதல் கடமை என்பதும், டிஜிட்டல் கருவிகளும் அனலாக் கருவிகளும் கலந்து கிடக்கும் இன்றைய நிலையங்களில் அந்தக் கடமை நிறைவேற, கட்டடம் முழுவதற்கும் எழுதி ஒட்டிய ஒரே அளவு வேண்டும் என்பதும் என் வாதம்.

முதலில் கிலோவாட் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒலிபரப்பி 200 கிலோவாட் என்று சொல்லும்போது அந்த எண் ஊர்தி அலையைக் குறிக்கிறது. ஊர்தி அலையில் பேச்சும் கிடையாது, பாட்டும் கிடையாது. கலையகத்திலிருந்து வரும் ஒலி அந்த அலையின் வீச்சை ஏற்றி இறக்கும்போது அதன் இருபுறமும் பக்கப்பட்டைகள் எழுகின்றன. நேயரின் பெட்டிக்குள் குரலாக மாறுவது அவைதான். ஒரு தனிச் சுருதியை 100 விழுக்காடு பண்பேற்றத்தோடு அனுப்பினால் இரண்டு பக்கப்பட்டைகளும் சேர்ந்து ஊர்தி அலையின் திறனில் பாதியைப் பெறும். 200 கிலோவாட்டுக்கு அது 100 கிலோவாட். அதே சுருதியின் லெவல் 6 டெசிபல் குறைந்தால் பண்பேற்றம் 50 விழுக்காடாகிறது. அப்போது பக்கப்பட்டைகளின் திறன் பாதியாவதில்லை. நான்கில் ஒரு பங்காகி 25 கிலோவாட்டுக்கு இறங்கிவிடுகிறது. அதாவது, கலையகத்தில் 6 டெசிபலைத் தவறவிட்ட நிலையம், குரலைப் பொறுத்தவரை தன் 200 கிலோவாட் ஒலிபரப்பியை 50 கிலோவாட் ஒலிபரப்பியாகத் தானே மாற்றிக்கொள்கிறது. மின்கட்டணம் மட்டும் அந்த அளவுக்குக் குறையாது. மறுபுறமும் ஆபத்து உண்டு. லெவல் எல்லை மீறினால், வீச்சு கீழ்நோக்கிப் போகும் பக்கத்தில் ஊர்தி அலை சுழியத்தைத் தொட்டு அறுபடும். அறுபட்ட அலை தன் அலைவரிசையோடு நிற்காது. நம் நாட்டில் மத்திய அலை நிலையங்களுக்கு நடுவே விடப்பட்டிருக்கும் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியைத் தாண்டி அடுத்த நிலையத்தின்மீது இரைச்சலாகச் சிதறும். குறைந்தால் தூரம் போகிறது. கூடினால் தெளிவும் அயலாரின் அமைதியும் போகின்றன. நடுவில் இருக்கும் இடம் குறுகலானது.

இந்தக் குறுகிய இடத்தைக் கண்டுபிடிக்க அனலாக் காலத்தவர் வகுத்த முறை நுட்பமானது. தொலைபேசித் துறையிலிருந்து வந்த அடிப்படை அலகு அவர்களிடம் இருந்தது: 600 ஓம் தடையில் ஒரு மில்லிவாட், அதாவது 0.775 வோல்ட்; இந்த மின்னழுத்தமே 0 டி.பி.யு. அமெரிக்காவின் பெல் ஆய்வகமும் சி.பி.எஸ்., என்.பி.சி. வானொலி நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கிய வி.யு. மீட்டர் 1939-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் முள் ஒரு ஒலியின் முழு அளவைக் காட்ட ஏறத்தாழ 300 மில்லி விநாடி எடுத்துக்கொள்ளும். காது சத்தத்தை உணரும் வேகத்துக்கு அந்த மந்தம் ஒத்துப்போவதால், முள்ளைப் பார்க்கிறவர் உச்சங்களைப் பார்ப்பதில்லை, சராசரிச் சத்தத்தைப் பார்க்கிறார். சாதாரணப் பேச்சில் உண்மையான உச்சங்கள் முள் காட்டுவதைவிட 8 முதல் 14 டெசிபல் மேலே போய்வரும். பொறியாளர்களுக்கு இது தெரியும். அதனால்தான் முள்ளின் 0 குறியை 4 டி.பி.யு., அதாவது 1.228 வோல்ட் என்று வைத்துக்கொண்டு, கன்சோலை அதற்கும் மேலே 16 முதல் 20 டெசிபல் வரை சிதையாமல் தாங்கும்படி கட்டினார்கள். கலையக மொழியில் அந்த இடைவெளிக்கு ஹெட்ரூம் என்று பெயர். பிரிட்டனில் பி.பி.சி. வேறு வழியில் போனது: 1930-களிலேயே சுமார் 10 மில்லி விநாடியில் உச்சத்தைப் பிடிக்கும் மீட்டரை அமைத்துக்கொண்டது. இரண்டு மரபுகளுக்கும் பொதுவான நல்லூழ் ஒன்று இருந்தது. காந்த நாடா மன்னிக்கும் குணமுள்ளது. லெவல் கூடக் கூட நாடா மெல்ல மெல்ல நிறைந்து, உச்சங்களை உருட்டிவிடும். காதுக்கு அது சற்றுத் தடித்த ஒலியாகத்தான் கேட்கும். 0 என்பது பாதையின் நடுப்பகுதி, அதற்கு மேலும் நிலம் இருக்கிறது என்பது இரண்டு தலைமுறைக் கைகளில் ஊறிப்போன பழக்கமாயிற்று.

டிஜிட்டலில் 0 என்பது பாதையின் முடிவு. 16 பிட் ஒலியில் ஒவ்வொரு கணத்தின் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாக எழுதப்படுகிறது. கடைசிப் படிக்கு மேலே எழுத எண்ணே கிடையாது. அந்தக் கடைசிப் படியைத்தான் 0 டி.பி.எஃப்.எஸ். என்கிறோம், மற்ற எல்லா அளவுகளும் அதிலிருந்து கீழ்நோக்கிக் குறை எண்களாக எண்ணப்படுகின்றன. அதைத் தாண்ட முயலும் அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும். நாடாவைப்போல் முன்னெச்சரிக்கையாகத் தடிப்பது கிடையாது. கடைசிப் படிவரை தெளிவு, அடுத்த நொடி கரகரப்பு. வெட்டிலிருந்து பிறக்கும் புதிய அதிர்வெண்களில் சில மடங்கித் திரும்பி, பாட்டின் சுருதியோடு எந்த உறவும் இல்லாத இடங்களில் வந்து விழுகின்றன. ஒருமுறை வெட்டுப்பட்டுப் பதிவானதைப் பின்னர் எந்தக் கருவியாலும் பழையபடி மீட்க முடியாது. ஆக, ஒரே அறையில் ஒரே எண்ணைத் தாங்கிய இரண்டு மீட்டர்கள் இருக்கின்றன. ஒன்றில் 0 என்றால் ‘இங்கே வேலை செய்’ என்று பொருள். மற்றதில் 0 என்றால் ‘இங்கே வராதே’ என்று பொருள். அனலாக் பழக்கத்தோடு டிஜிட்டல் மீட்டரைப் பார்ப்பவர் ஒலியை வெட்டுகிறார். டிஜிட்டல் அச்சத்தோடு அனலாக் கன்சோலை இயக்குபவர் ஒலியைப் பட்டினி போடுகிறார். இன்றைய நிலையங்களில் கேட்கும் பெரும்பாலான லெவல் குறைகள் இந்தக் குழப்பத்தின் பிள்ளைகள் என்றே நான் கருதுகிறேன்.

இரண்டு அளவுகோல்களையும் பொருத்தும் ஒப்பந்தம் உலகில் ஏற்கெனவே இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் அது ஒன்றாக இல்லை. அமெரிக்க மரபு 4 டி.பி.யு. ஒலியை டிஜிட்டலில் −20-இல் வைக்கிறது. ஐரோப்பிய ஒலிபரப்புச் சங்கத்தின் மரபு 0 டி.பி.யு. ஒலியை −18-இல் வைக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டுக்கும் 2 டெசிபல்தான் வேறுபாடு என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வி.யு. முள்ளை 0-இல் நிறுத்தும் அதே 4 டி.பி.யு. ஒலி, முதல் மரபில் −20-இலும் இரண்டாவது மரபில் −14-இலும் போய் உட்காரும். வேறுபாடு 6 டெசிபல். ஒரே கட்டடத்தில் செய்தி அறை ஒரு மரபிலும் பாட்டு அறை மற்றொரு மரபிலும் அமைந்துவிட்டால், அறை மாறும் ஒவ்வொரு முறையும் நான் முன்பு சொன்ன நான்கு மடங்குத் திறன் கடலில் ஏறி இறங்கும். எந்த அறையிலும் யாரும் தவறு செய்திருக்க மாட்டார்கள். அவரவர் மீட்டரில் அவரவர் முள் சரியாகவே நின்றிருக்கும். இந்த இரண்டில் எது சிறந்தது என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. துறைமுகத்தில் நிற்கும் கப்பலின் வெளிப்புறத்தில் சுமைக்கோடு வரைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கோட்டுக்கும் மேல்தளத்துக்கும் நடுவே விட்டிருக்கும் உயரம் வீணான இடம் என்று எந்த மாலுமியும் சொல்வதில்லை; அலை எழும்போது கப்பலைக் காப்பது அந்த வெற்று உயரம். ஹெட்ரூம் செய்யும் வேலையும் அதுவே. கோட்டை எங்கே வரைவது என்பதில் நூல்கள் வேறுபடலாம். ஒரே கப்பலின் இரு பக்கங்களிலும் வெவ்வேறு உயரத்தில் கோடு இருக்கக் கூடாது.

அந்த வெற்று இடம் எவ்வளவு வேண்டும் என்பதை இந்த மண்ணின் ஒலிகளே சொல்லிவிடும். தென்மாவட்டங்களின் வில்லுப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். புலவரின் குரல் கதை சொல்லும் பேச்சாகத் தொடங்கிப் பாட்டாக ஏறுகிறது. பக்கத்தில் உடுக்கையும் குடமும் தாளமும். வீசுகோல் வில்லின் நாணில் விழும் கணத்தில் மணிகளெல்லாம் ஒருசேர அதிர்கின்றன. அந்த அடியின் உச்சம் சில மில்லி விநாடிகளில் எழுந்து அடங்கிவிடும். 300 மில்லி விநாடி எடுத்துக்கொள்ளும் வி.யு. முள் அது வந்துபோனதையே சரியாக அறியாது. முள் நடுவில் அமைதியாக ஆடிக்கொண்டிருக்கும்போதே உச்சம் அதற்கு மேல் 20 டெசிபலைத் தொட்டுவிடக்கூடும். தவிலும் அப்படித்தான். நாகசுரத்தின் நீண்ட ஒலிக்கு முள் நன்றாகவே நடந்துகொள்ளும். வலந்தலையில் விரற்கூடு விழும் அடிகளுக்கு அது ஏமாந்துபோகும். கோயில் கொடையிலிருந்தோ குலசேகரன்பட்டினத்துத் தசராவிலிருந்தோ பதிவு செய்து வருகிறவர், ஒத்திகையின்போது ஒலியை −6-இல் வைத்துவிட்டு, நிகழ்ச்சி சூடேறும்போது கலைஞர்கள் இன்னும் ஓங்கி அடிப்பார்கள் என்பதை மறந்தால், இரவு முழுவதும் பதிந்த ஒவ்வொரு அடியும் தலை வெட்டுப்பட்டே வந்து சேரும். சராசரியை −20-க்கு அருகில் வைத்தால் அதே நிகழ்ச்சி முழுமையாக உள்ளே அடங்கும். இங்கே இரண்டு மீட்டர்களும் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். சராசரியைக் காட்டும் முள் காதின் பக்கம் பேசுகிறது. உச்சத்தைக் காட்டும் ஒளிப்பட்டை கருவியின் பக்கம் பேசுகிறது. ஒன்றை வைத்து மற்றதை ஊகிக்க முடியாது.

தவறு நுழையும் வாசல்கள் பெரும்பாலும் இணைப்புகளில் இருக்கின்றன. தொழில்முறைக் கருவிகள் 4 டி.பி.யு. அளவில் பேசும், வீட்டுப் பயன்பாட்டுக் கருவிகளும் சாதாரணக் கணினியின் ஒலி வாயும் −10 டி.பி.வி., அதாவது 0.316 வோல்ட் அளவில் பேசும். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 12 டெசிபல். கணினியை நேரே கன்சோலில் செருகிவிட்டு, ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடரை மேலே தள்ளிச் சமாளித்தால், ஒலியோடு கணினியின் உள்முனகலும் மின்விசிறி மோட்டாரின் ரீங்காரமும் சேர்ந்தே ஏறும். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வாசல் ஒற்றை ஒலியாக்கம். மத்திய அலை நேயர் கேட்பது மோனோ. இடமும் வலமும் சேர்க்கப்படும்போது ஒரு கம்பி மாற்றிப் பற்றவைக்கப்பட்டிருந்தால், நடுவில் நிற்கும் பாடகரின் குரல் ஏறத்தாழ மறைந்துபோய் எதிரொலியும் பக்கவாத்தியமும் மட்டும் மிஞ்சும். கலையகத்தின் ஸ்டீரியோ ஒலிபெருக்கியில் கேட்பவருக்கு அது சற்று விரிந்த ஒலியாகத் தோன்றலாம். மீட்டரில் இரண்டு பக்கமும் ஒழுங்காக ஆடும். கடலில் இருப்பவருக்கு மட்டும் பாட்டு இல்லை. இவற்றுக்கெல்லாம் மருந்து பழையது, எளியது. ஒரு கிலோஹெர்ட்ஸ் டோனைத் தொடக்கத்தில் செலுத்தி, கன்சோல், கணினி, இணைப்புத் தடம், ஒலிபரப்பியின் வாய் என்று ஒவ்வோர் இடத்திலும் குறித்த எண் வருகிறதா என்று பார்ப்பது. இதற்குச் சில நிமிடங்களே போதும். டோன் போடும் வழக்கம் அனலாக்கோடு போய்விட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். அளவுகோல்கள் இரண்டான பிறகுதான் அதன் தேவை கூடியிருக்கிறது.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். அடிக்கடி கேட்கும் மறுப்பு இது: ஒலிபரப்பியின் வாயிலில் ஒலி பதனக் கருவி இருக்கிறதே, குறைந்ததை அது தூக்கும், மிகுந்ததை அடக்கும், கலையகத்தில் ஏன் இத்தனை கவலை? அந்தக் கருவி இல்லாமல் இன்றைய ஒலிபரப்பு நடக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் முன்பு போட்ட கிலோவாட் கணக்கின் கடுமையை அது ஓரளவு தணிக்கும் என்பதும் உண்மை. ஆனால் அதற்கும் எதிர்பார்க்கும் நுழைவு லெவல் ஒன்று உண்டு. அதற்கு வெகுவாகக் கீழே வரும் பேச்சை அது தூக்கும்போது, பேச்சின் இடைவெளிகளில் அறையின் குளிரூட்டி இரைச்சலையும் சேர்த்துத் தூக்கும். அறிவிப்பாளர் மூச்சு வாங்கும் ஒவ்வொரு முறையும் பின்னணி மேலெழுந்து அமுங்குவதைக் கேட்டிருப்பீர்கள். மெதுவாக நகரும்படி அமைத்த கருவி, ஓங்கிய திரைப்பாட்டுக்குப் பிறகு வரும் மெல்லிய குரலை உடனே தூக்காது. செய்தியின் முதல் வாக்கியம் அதற்குள் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, முன்பே வெட்டுப்பட்டு வந்த அலையை அது பழுதென்று அறியாது. சுத்தமான ஒலியென்று நம்பி அதை இன்னும் அடர்த்தியாக்கி அனுப்பும். கடைசிக் கருவி நல்ல சரக்கை நன்றாக அனுப்பும். கெட்ட சரக்கை உரக்க அனுப்பும்.

இரண்டாவது மறுப்பு தொழில்நுட்பத்தின் புதுமையைக் காட்டி வருகிறது. இன்று 24 பிட் பதிவு உண்டு, 32 பிட் மிதவைப் புள்ளிப் பதிவும் உண்டு. அவற்றில் லெவல் எங்கே இருந்தாலும் பின்னால் சரிசெய்யலாமே என்கிறார்கள். 24 பிட்டின் கோட்பாட்டு வீச்சு 144 டெசிபல். நடைமுறையில் நல்ல கருவிகளுக்குக் கிடைப்பது 120-க்கு அருகில். இது என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. 96 டெசிபல் மட்டுமே இருந்த 16 பிட் காலத்தில் ‘எல்லா பிட்டையும் பயன்படுத்து’ என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. இன்று 20 டெசிபலை மேலே காலியாக விட்டாலும் அடியில் இரைச்சலிலிருந்து வெகு உயரத்தில்தான் நிற்கிறோம். மிதவைப் புள்ளியின் பாதுகாப்போ கணினியின் உள்ளே மட்டும் செல்லும். மைக்கிலிருந்து எண்ணாக மாறும் வாயிலிலும், எண்ணிலிருந்து மின்னழுத்தமாக மாறும் வாயிலிலும், ஒலிபரப்பியிலும் உச்சவரம்பு அப்படியேதான் இருக்கிறது. நேரலையில் ‘பின்னால்’ என்று ஒரு நேரமும் கிடையாது.

மூன்றாவது மறுப்பை எளிதில் ஒதுக்க முடியாது, ஏனென்றால் அது கடலிலிருந்து வருகிறது. வள்ளத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்; காற்று அடித்துக்கொண்டிருக்கும்; கையடக்க வானொலியின் ஒலிபெருக்கி உள்ளங்கை அளவுதான். அங்கே நுணுக்கம் எதற்கு, உரக்கக் கேட்டால் போதாதா? இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. 1940-களில் அமெரிக்க ஆய்வாளர் லிக்லைடர், பேச்சலையின் தலைகளை முற்றாக வெட்டித் தட்டையாக்கிய பிறகும் கேட்பவர்கள் சொற்களில் பெரும்பகுதியைப் புரிந்துகொள்கிறார்கள் என்று காட்டினார். காரணம் தெளிவு: பேச்சில் உயிரொலிகள் ஓங்கியவை, மெய்யொலிகள் மெலிந்தவை; பொருளை வேறுபடுத்துவதில் மெய்களுக்குப் பெரும்பங்கு. உயிரின் தலையை வெட்டினால் மெய்க்கு ஒப்பீட்டளவில் இடம் கூடுகிறது. இந்தச் சான்றை நான் மறுக்கவில்லை. ஆனால் அது எதை நிறுவுகிறது என்று கவனிக்க வேண்டும். அமைதியான அறையில் பேசிய ஒற்றைக் குரலை, திட்டமிட்டு, தெரிந்த அளவில் வெட்டிய சோதனை அது. பின்னணியில் பாட்டோ அலையோசையோ சேர்ந்த ஒலியை அப்படி வெட்டினால் பின்னணியும் குரலின் உயரத்துக்கு வந்து நிற்கும். இன்னொன்று, நேயர் வானொலியைக் கேட்பது ஒரு நிமிடச் சோதனைக்காக அல்ல. கரகரக்கும் ஒலியை மணிக்கணக்கில் காது தாங்காது, பெட்டியை அணைத்துவிடுவார். அணைத்த பெட்டியில் புயல் எச்சரிக்கையும் கேட்காது. ‘மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசக்கூடும்’ என்ற வரியைக் கடலில் இருப்பவர் கேட்க வேண்டுமானால், அதற்கு முந்தைய இரண்டு மணி நேரமும் பெட்டி திறந்திருக்க வேண்டும். கடல் நேயருக்கு அடர்த்தியான ஒலி வேண்டும் என்பதை முழுமனத்தோடு ஏற்கிறேன். அந்த அடர்த்தியைச் சங்கிலியின் கடைசியில், ஒரே இடத்தில், பேச்சுக்கென்று தீர்மானித்த அளவில் செய்யட்டும். ஆறு இடங்களில் ஆறு பேர் தத்தம் ஃபேடரை ஏற்றுவதால் வருவது அடர்த்தி ஆகாது.

சத்தம் வேறு, லெவல் வேறு என்பதை எண்ணாகப் பிடிக்கும் முறை இந்த நூற்றாண்டில்தான் கைகூடியது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் பி.எஸ்.1770 என்ற அளவீட்டு முறையை வெளியிட்டது. காது எந்த அதிர்வெண்ணை எவ்வளவு உணர்கிறது என்பதை ஒட்டி எடையிட்டு, ஒரு நிகழ்ச்சி முழுவதும் எவ்வளவு சத்தமாக உணரப்படும் என்று ஓர் எண்ணைத் தருகிறது அது. 2010-இல் ஐரோப்பிய ஒலிபரப்புச் சங்கம் அந்த அளவீட்டின் அலகில் −23 எல்.யு.எஃப்.எஸ். என்பதை இலக்காக வைத்தது. நம் நாட்டிலும் கேபிள் தொலைக்காட்சி விதிகள் விளம்பரங்களின் ஒலி மிகையாக இருக்கக் கூடாது என்கின்றன; எத்தனை என்று எண்ணில் சொல்லாத விதி அது. வானொலிக்கு இந்த அளவீடு ஏன் வேண்டும்? 1960-களின் திரைப்பாட்டும் இன்றைய திரைப்பாட்டும் ஒரே உச்சத்தைத் தொட்டாலும், இன்றைய பாட்டு அடர்த்தியாகப் பதனிடப்பட்டிருப்பதால் பன்மடங்கு ஓங்கிக் கேட்கும். உச்சத்தை மட்டும் பார்த்து ஒழுங்குபடுத்தும் நிலையத்தில் பாடகி சுசீலாவின் குரல் மெலிந்தும் புதுப் பாட்டு அதிர்ந்தும் வரும். நேயர் தன் பெட்டியின் குமிழை மிகவும் ஓங்கிய பாட்டுக்கு ஏற்பக் குறைத்து வைப்பார். அடுத்து வரும் அறிவிப்பாளரின் குரல், எல்லாவற்றிலும் முக்கியமான அந்தக் குரல், எஞ்சின் சத்தத்துக்கு அடியில் போய்விடும். சத்தத்தைச் சமப்படுத்தினால் குமிழைத் தொடும் தேவை குறைகிறது.

சிறு நிலையங்களால் இதெல்லாம் முடியுமா என்ற கேள்வி நியாயமானது. 2006-இல் சமுதாய வானொலிக் கொள்கை தன்னார்வ அமைப்புகளுக்கும் திறக்கப்பட்ட பிறகு, மீனவர்களுக்கென்றே நிலையங்கள் வந்தன, பாம்பனில் 90.4 மெகாஹெர்ட்ஸில் தொடங்கிய கடல் ஓசை அதில் குறிப்பிடத்தக்கது. இத்தகைய நிலையங்களின் பயனுறு கதிர்வீச்சுத் திறனுக்குப் பொதுவாக 100 வாட் எல்லை உண்டு. எளிதில் பெருக்க முடியாத அந்த 100 வாட்டில் எதையும் வீணாக்காமல் இருக்க வழி லெவலே. பண்பலையில் ஒலியின் அளவு அதிர்வெண்ணின் விலக்கமாக மாறுகிறது. எல்லை 75 கிலோஹெர்ட்ஸ். அதில் பாதியைக்கூடப் பயன்படுத்தாத நிலையம் எல்லைப்புற நேயருக்கு இரைச்சலைத்தான் அனுப்புகிறது. நம் நாட்டுப் பண்பலையில் மேல் அதிர்வெண்களை முன்கூட்டியே தூக்கி அனுப்பும் ஏற்பாடும் இருக்கிறது. 10 கிலோஹெர்ட்ஸில் அந்தத் தூக்கல் சுமார் 10 டெசிபல். ஆகவே தாளமும் ஜால்ராவும் அறிவிப்பாளரின் கூர்மையான சகர ஒலிகளும் கலையக மீட்டரில் எல்லைக்குள் இருந்தாலும் ஒலிபரப்பியில் எல்லையை முட்டும். சிறிய நிலையத்துக்கும் ஹெட்ரூம் பெரிதும் தேவைப்படுகிறது. செலவோ மிகக் குறைவு. உச்சத்தையும் சத்தத்தையும் காட்டும் மென்மீட்டர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. விலைக்கு வாங்க முடியாதது, மூன்று வேளை மாறும் மூன்று பேரும் ஒரே எண்ணைப் பின்பற்றும் ஒழுங்கு.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது இந்த மாவட்டத்தின் பல பகுதிகளில் மின்சாரமும் செல்பேசித் தொடர்பும் அறுந்தன. அப்படிப்பட்ட நாளில் பேட்டரியில் ஓடும் வானொலிப் பெட்டிக்கு ஊரில் எந்தச் செல்பேசிக் கோபுரமும் தேவையில்லை. அன்றைக்கு நிலையத்துக்கு வந்து சேரும் ஒலிகள் எவையென்று எண்ணிப் பாருங்கள்: ஆட்சியர் அலுவலகத்திலிருந்து ஒரு தொலைபேசிக் குரல், எங்கோ மாடியில் நின்று பதிவு செய்து அனுப்பிய ஒரு செல்பேசிக் கோப்பு, ஜெனரேட்டர் ஓடும் அறையிலிருந்து அறிவிப்பாளர். ஒவ்வொன்றும் வெவ்வேறு லெவலில் வரும். ஃபேடரைப் பிடித்திருப்பவர் தூங்காமல் இரண்டாவது முறை மாற்றுப் பணியில் இருப்பார். அந்த நேரத்தில் யோசித்துக் கண்டுபிடிக்கும் அளவு பயன்படாது. கன்சோலின் தலைப்பில் ஒட்டிய ஒரு தாளில் அனலாக்கையும் டிஜிட்டலையும் பொருத்தும் நிலையத்தின் சீரமைப்பு எண், பேச்சின் சராசரி எங்கே நிற்க வேண்டும், உச்சம் எதைத் தாண்டக் கூடாது என்ற மூன்று வரிகளும், பணிப் பதிவேட்டில் காலை டோன் ஒவ்வோர் இடத்திலும் காட்டிய எண்ணுக்கு ஒரு பத்தியும் இருந்தால், மாற்றுப் பணிக்கு வருகிற யாரும் முந்தியவரைக் கேட்காமலே தொடரலாம். எண் மாறியிருந்தால் எந்த நாளில், எந்தக் கருவிக்கும் எந்தக் கருவிக்கும் நடுவே மாறியது என்பதும் அந்தப் பத்தியிலேயே தெரிந்துவிடும். பழுதுபார்க்க வருகிற பொறியாளர் அங்கிருந்து தொடங்கலாம்.